பிரிட்டன் வான்போரை ஜெயித்துக் கொடுத்த டவுடிங்கை ஏன் தூக்கினார்கள்?

கேள்வி இதுதான்: 1940-ல் ஜெர்மன் விமானப்படையைத் தடுத்து நிறுத்திய பிரிட்டிஷ் தளபதி ஹியூ டவுடிங்கை, அந்தச் சண்டை முடிந்த ஒரு மாதத்துக்குள் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்களாமே, பொறாமைதான் காரணமா, கடைசிவரை மார்ஷல் பட்டம்கூடக் கொடுக்கவில்லையாமே, உண்மையா?

எடுத்தது உண்மை, பட்டம் கொடுக்காததும் உண்மை. பொறாமை இருந்தது, ஆனால் அது மட்டும் காரணமில்லை. இந்தக் கதையை எல்லோரும் 1940 ஜூலையில் ஆரம்பித்து நவம்பரில் முடிப்பதால்தான் அது ஏதோ சதிக்கதை மாதிரித் தெரிகிறது. என்னைக் கேட்டால் டவுடிங்கின் உண்மையான சண்டை 1930-லேயே ஆரம்பித்துவிட்டது. நடந்த இடம் வானம் இல்லை, லண்டனில் ஒரு அலுவலக மேஜை. அதைச் சொல்லாமல் 1940-ஐப் புரியவைக்க முடியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1882 ஏப்ரல் 24-ல் ஸ்காட்லாந்தில் மொஃபட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பையன் அதில் படித்து, அப்புறம் வின்செஸ்டர், அப்புறம் வூலிச் ராணுவக் கல்லூரி. பொறியாளர் படைக்குப் போகத்தான் ஆசை, அதற்கு வேண்டிய மதிப்பெண் வரவில்லை, பீரங்கிப்படைக்கு அனுப்பிவிட்டார்கள். 1900-ல் கோட்டைப் பீரங்கிகளைக் கவனிக்கும் பிரிவில் சேர்ந்து ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங் என்று சுற்றினார். பிறகு இந்தியாவில் மலைப் பீரங்கிப் பிரிவு, அதாவது கோவேறு கழுதைகள் மேல் பீரங்கியைப் பிரித்துக் கட்டி மலையேற்றுகிற பிரிவு. பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படிப் போனது. 1912-ல் கேம்பர்லி ஸ்டாஃப் கல்லூரியில் சேர்ந்தபோதுதான், மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் பீரங்கிக்காரனுக்கு எவ்வளவு உதவி என்று தோன்றியிருக்கிறது. விடியற்காலையில் புரூக்லண்ட்ஸ் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு 1913 டிசம்பரில் உரிமம் வாங்கிவிட்டார். அப்போது வயது 31. அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை, இது ஆபத்தான வேலை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இவரும் கேட்டுக்கொண்டு பீரங்கிக்கே திரும்பினார். முப்பது வயது தாண்டிய ராணுவ அதிகாரி அப்பா பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போகிறார் என்பது நம் ஊரில் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. 1914 ஆகஸ்டில் போர் வந்ததும் விமானப் பிரிவுக்கு அழைப்பு வந்துவிட்டது, அதற்கு மேல் அப்பாவாலும் தடுக்க முடியவில்லை.

முதல் உலகப்போரில் அவர் செய்த இரண்டு விஷயம் போதும், மற்றதெல்லாம் வழக்கமான பதவி உயர்வுகள். ஒன்று, 1915-ல் விமானத்தில் வயர்லெஸ் வைக்கும் சோதனைகளை நடத்தினார். வானத்திலிருந்து வந்த மனிதக் குரலை வானொலியில் கேட்ட முதல் ஆட்களில் ஒருவர். இது பின்னால் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, 1916-ல் பிரான்ஸில் நடந்த சோம் போரின்போது தன் கீழிருந்த ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், ஓய்ந்துபோய்விட்டன, அவர்களை மாற்றி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி டிரெஞ்சர்டிடம் கேட்டார். டிரெஞ்சர்ட் சாதாரண ஆள் இல்லை, பிரிட்டிஷ் விமானப்படையின் தந்தை என்றே பின்னால் அழைக்கப்பட்டவர். விடாமல் தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் மதம். ஓய்வு கேட்ட டவுடிங் அவருக்கு அழுமூஞ்சியாகத் தெரிந்தார். இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பதவி உயர்வோடுதான் போனார், ஆனாலும் சண்டைக் களத்துக்கு மறுபடி வரவில்லை. விமானிகளை எண்ணிச் செலவழிக்கும் அந்தக் குணம் 24 வருடம் கழித்து நாட்டைக் காப்பாற்றியது.

‘ஸ்டஃபி’ என்ற பட்டப்பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான். முசுடு, விறைப்பு, கலகலப்பில்லாத ஆள் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். 1918-ல் கல்யாணம், அடுத்த வருடம் டெரெக் என்று ஒரு பையன், அதற்கடுத்த வருடமே, 1920-ல், மனைவி இறந்துவிட்டார். அப்புறம் முப்பது வருடம் தனி ஆள், தங்கைதான் வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஒரே பொழுதுபோக்கு பனிச்சறுக்கு, பிரிட்டனின் ஸ்கீ கிளப்புக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார். கிளப்பில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசி ஆதரவு திரட்டுகிற ரகம் இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

1920-களை வேகமாகத் தாண்டிவிடலாம்: ஈராக், பயிற்சித் துறை, 1929-ல் கலவரம் வந்தபோது பாலஸ்தீனம். 1930 செப்டம்பரில் விமானப்படையின் கொள்முதல், ஆராய்ச்சி இரண்டுக்கும் பொறுப்பான உறுப்பினராக உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் ஒரு இடி. ஆர்-101 என்ற பிரம்மாண்ட வான்கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. அமைச்சரே அதில் போகிறார், தேதி குறித்தாகிவிட்டது, கீழே இருக்கும் நிபுணர்கள் பரவாயில்லை என்கிறார்கள். வந்து ஒரு மாதமே ஆன டவுடிங் பறக்கலாம் என்ற சான்றிதழுக்குச் சம்மதித்தார். அக்டோபர் 5 அதிகாலை பிரான்ஸில் போவே அருகே அது தரையில் மோதி எரிந்து 48 பேர் இறந்தார்கள், அமைச்சரும் சேர்த்து. இன்னும் நீண்ட சோதனை வேண்டும் என்று தான் அடம்பிடித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நிபுணர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாமல், காட்டு பார்க்கலாம் என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இதிலிருந்துதான் கெட்டிப்பட்டது என்பது என் ஊகம்.

அடுத்த ஆறு வருடம்தான் முக்கியமான காலம். அந்தக் காலத்து நம்பிக்கை என்ன தெரியுமா? குண்டுவீச்சு விமானத்தை யாராலும் தடுக்க முடியாது, எப்படியும் வந்து போட்டுவிட்டுப் போய்விடும் என்று பிரிட்டிஷ் அரசியல் தலைவர் பால்ட்வின் 1932-ல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அதனால் நம்மிடமும் குண்டுவீச்சு விமானம் நிறைய இருக்க வேண்டும், எதிரி பயப்படுவான், அவ்வளவுதான் பாதுகாப்பு. இது டிரெஞ்சர்ட் பள்ளி. விமானப்படையின் முக்கால்வாசி மூளைகள் இப்படித்தான் நினைத்தன. தற்காப்பு என்று பேசுகிறவன் ஏதோ கோழை மாதிரி. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, முதலில் சொந்த நாடு பாதுகாப்பாக இருக்க வேண்டும், அது இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று டவுடிங் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவும் கையில் பணப்பெட்டிச் சாவியோடு.

அப்போதைய சண்டை விமானங்கள் இரண்டு இறக்கை அடுக்கு வைத்து, துணி போர்த்தியவை. மரத்தில் கட்டுவதை நிறுத்துங்கள், உலோகத்துக்குப் போங்கள் என்றார். ஷ்னைடர் கோப்பை என்று கடல் விமானங்களுக்கு ஒரு பந்தயம் உண்டு. அதற்குப் பந்தய விமானம் செய்ய அரசு பணம் கொட்டியது, 1931-ல் அரசு கையை விரித்ததும் லேடி ஹூஸ்டன் என்ற பணக்காரப் பெண்மணி ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார், பிரிட்டன் ஜெயித்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது டவுடிங்கின் யோசனை வேறு: பந்தயத்துக்கு என்று தனி விமானம் எதற்கு, அந்தக் கற்றலை எல்லாம் வைத்து ஒற்றை இறக்கையோடு தரையிலிருந்து பறக்கிற சண்டை விமானம் இரண்டு செய்து பார்க்கலாமே. அவர் துறையின் கீழ் வெளிவந்த தேவைப் பட்டியல்களிலிருந்து பிறந்தவைதான் ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும். ஹரிக்கேன் முதலில் பறந்தது 1935 நவம்பர் 6, ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச் 5. வடிவமைத்த பெருமை கேமுக்கும் மிட்செலுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்டு வாங்கியவர் என்று ஒருவர் வேண்டுமே.

ரேடார் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1935 தொடக்கத்தில் வாட்சன்-வாட் என்ற வானொலி விஞ்ஞானி, விமானத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலையை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பணம் கேட்டார்கள். கணக்கை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம், கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு சோதனை செய்யுங்கள், பிறகு பணம் என்றார் டவுடிங். பிப்ரவரி 26-ல் டாவென்ட்ரி பக்கத்தில் ஒரு வயலில் வேன் ஒன்றை நிறுத்தி, பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பையே பயன்படுத்தி, மேலே ஒரு ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். சுமார் 8 மைல் தூரம்வரை திரையில் புள்ளி ஆடியது. பணம் வந்துவிட்டது. கேட்ட கேள்வியும் சரி, கொடுத்த வேகமும் சரி, ஒரு அரசு அதிகாரியிடம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம்.

1936 ஜூலை 14-ல் ஃபைட்டர் கமாண்ட் என்ற புதிய படைத்தலைமை உருவானது, முதல் தளபதி இவர். இடம் லண்டனுக்கு வடமேற்கே ஸ்டான்மோரில் பென்ட்லி பிரையரி என்ற பழைய மாளிகை. அதாவது ஆறு வருடம் தானே ஆர்டர் கொடுத்த சாமான்களை இப்போது தானே உபயோகிக்க வேண்டும்.

இங்கேதான் அவருடைய பெரிய சாதனை, பல பேர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ரேடார் இருந்ததால் பிரிட்டன் ஜெயித்தது என்பார்கள். ரேடார் ஜெர்மனியிடமும் இருந்தது, சில விதத்தில் பிரிட்டனுடையதைவிட நுட்பமானது. டவுடிங் கட்டியது ரேடாரைச் சுற்றி ஒரு அமைப்பை. கடற்கரையோரம் 360 அடி உயர இரும்புக் கோபுரங்கள் கடலைப் பார்த்து நிற்கும். அவற்றால் நிலத்துப் பக்கம் பார்க்க முடியாது. எதிரி கரையைத் தாண்டிவிட்டால் அப்புறம் பார்க்கிறவர்கள் அப்சர்வர் கோர் ஆட்கள், கையில் பைனாகுலரோடு குன்றுமேல் நின்ற சாதாரண ஊர்க்காரர்கள். எல்லாத் தகவலும் தொலைபேசிக் கம்பியில் ஓடும். ரேடார் நிலையங்களின் தகவல் முதலில் பென்ட்லி பிரையரியில் ஒரு வடிகட்டும் அறைக்கு வரும், ஏனென்றால் ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்று விதமாகச் சொல்லும், ஒன்று 20 என்னும், இன்னொன்று 50 என்னும். அதைச் சரிபார்த்து ஒரே படமாக்கி, நாட்டைப் பகுதி பகுதியாகக் காத்த குரூப்களுக்கும் அவற்றின் கீழிருந்த செக்டர்களுக்கும் அனுப்புவார்கள். அங்கே பெரிய மேஜை வரைபடத்தில் பெண் படையினர் நீளக் குச்சியால் காய்களை நகர்த்துவார்கள், சுவரில் இருக்கும் கடிகாரம் ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறம், காய்க்கும் அதே நிறம், ஆகவே ஒரு தகவல் எவ்வளவு பழசு என்று பார்த்தவுடன் தெரியும். எந்த ஸ்குவாட்ரன் கிளம்ப வேண்டும் என்று குரூப் முடிவு செய்யும், செக்டரில் இருப்பவர் விமானியோடு வானொலியில் பேசி வழிகாட்டுவார்.

இதனால் என்ன லாபம் என்றால், எதிரி வருவானா மாட்டானா என்று நாள் முழுக்க வானத்தில் ரோந்து சுற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் மிச்சம், என்ஜின் மிச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக விமானி மிச்சம். ஜெர்மானியர்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. போகிற இடத்திலெல்லாம் யாரோ காத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. ஆரம்பத்தில் இந்த அமைப்பு சொதப்பவும் செய்தது. 1939 செப்டம்பர் 6-ல், போர் ஆரம்பித்து மூன்று நாளில், தவறான எச்சரிக்கை ஒன்று கிளம்பி, ஸ்பிட்ஃபயர்கள் சொந்த ஹரிக்கேன்கள் இரண்டைச் சுட்டுவிட்டன, ஒரு விமானி இறந்தார். நம் ஆள் யார், எதிரி யார் என்று திரையில் காட்டும் கருவி எல்லா விமானத்திலும் பொருத்தப்படாமல் சண்டைக்கு இறங்கக் கூடாது என்ற பாடம் அப்படித்தான் வந்தது. இன்னொரு சின்ன விஷயம்: விமானியின் முன்கண்ணாடியைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காததாகப் போடச் சொன்னபோது அமைச்சகத்தில் சிரித்தார்களாம். சிகாகோ ரவுடிகளின் காருக்கு அந்தக் கண்ணாடி கிடைக்கும் என்றால் என் பையன்களுக்கு ஏன் கிடைக்காது என்று கேட்டார். கிடைத்தது.

இதற்கு நடுவில் ஒரு கேவலமான கூத்து நடந்துகொண்டிருந்தது. விமானப்படையின் தலைமைத் தளபதி பதவி அடுத்து இவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, 1937-ல் இவரைவிட ஜூனியரான நியூவாலுக்குக் கொடுத்தார்கள். சரி, போகட்டும். ஓய்வுத் தேதி 1939 ஜூன் என்றார்கள். பிறகு வேண்டாம், 1940 மார்ச் கடைசிவரை இருங்கள் என்றார்கள். மார்ச் 30-ம் தேதி, அதாவது கிளம்ப ஒரே நாள் இருக்கும்போது, ஜூலை 14 வரை இருங்கள் என்று கடிதம். ஜூலை 5-ல் இன்னொரு கடிதம், அக்டோபர் கடைசிவரை இருங்கள். பிரிட்டன் வான்போர் ஆரம்பித்ததாக அதிகாரப்பூர்வமாகக் கணக்கிடப்படும் நாள் ஜூலை 10. வீட்டு வேலைக்காரரைக்கூட இப்படி நடத்த மாட்டார்கள். அவரும் சூடாகப் பதில் எழுதினார், நகலை விமானத்துறை அமைச்சர் சின்க்ளேருக்கும் அனுப்பினார். ஆகவே அவரை 1940 நவம்பரில் திடீரென்று தூக்கினார்கள் என்பது பாதி உண்மைதான். ஒன்றரை வருடமாகக் கதவருகே நிற்க வைத்திருந்தார்கள்.

1940 மே மாதம். பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஸ்குவாட்ரன்கள் அனுப்புங்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் கெஞ்சுகிறார்கள், சர்ச்சிலுக்கு அனுப்பத்தான் மனது. மே 15-ல் டவுடிங்கை அமைச்சரவைக்குக் கூப்பிட்டார்கள். ஹரிக்கேன்கள் எந்த வேகத்தில் அழிகின்றன என்று கணக்கைச் சொன்னார். வரைபடத்தைச் சர்ச்சில் முன்னால் வைத்தார், ராஜினாமா மிரட்டலாகப் பென்சிலை மேஜையில் எறிந்தார் என்றெல்லாம் கதை வளர்ந்திருக்கிறது, அந்தப் பென்சிலை நான் நம்பவில்லை, அது அவர் குணமே இல்லை. அவர் ஆயுதம் கடிதம். மறுநாள், மே 16-ல், பத்துப் பத்திகளில் ஒரு கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன்கள் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டீர்கள், இப்போது இருப்பது 36-க்குச் சமமான பலம், எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள், பிரான்ஸைக் காப்பாற்றப் போய் இங்கே இருப்பதையும் கரைத்தால் இந்த நாடு மீளவே முடியாதபடி முழுதாகத் தோற்கும் என்பது அதன் சாரம். அழுத்தமில்லாத, எண் போட்ட, குமாஸ்தா பாணிக் கடிதம். படித்தால் வயிற்றைக் கலக்கும். இதில் நியூவாலுக்கும் பங்கு தர வேண்டும், அவர் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வாதாடினார். ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன் ஒன்றைக்கூடப் பிரான்ஸில் தங்கவிடாமல் வைத்துக்கொண்டார் டவுடிங். அப்படியும் பிரான்ஸில் பிரிட்டன் இழந்த விமானங்கள் 900-க்கு மேல்.

கோடைக்காலச் சண்டையை நாள் நாளாகச் சொல்லப்போவதில்லை, அது எங்கும் கிடைக்கும். ஏறத்தாழ 2,900 பேர் பறந்தார்கள், 544 பேர் அந்தச் சண்டையிலேயே இறந்தார்கள். பறந்தவர்களில் அவருடைய மகன் டெரெக்கும் ஒருவர், 74-வது ஸ்குவாட்ரன். டவுடிங் அன்றாடச் சண்டையில் தலையிடவில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த 11-வது குரூப்பை நியூசிலாந்துக்காரர் கீத் பார்க்கிடம் விட்டுவிட்டார். இவர் பார்த்துக்கொண்டது கையிருப்பை: எந்த ஸ்குவாட்ரன் களைத்துவிட்டது, எதை வடக்கே அனுப்பி ஓய்வு கொடுப்பது, எத்தனை விமானி மிச்சம். ஜெர்மானியர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கும் பெரிய மோதல் வேண்டும். இவருக்கு நாளைக்கும் படை இருக்க வேண்டும், அது போதும். இலையுதிர்காலம் வந்து, ஜெர்மன் படை கடல் தாண்டி இறங்க முடியாதபடி ஆங்கிலக் கால்வாய் கொந்தளிக்கும்வரை தோற்காமல் இருந்தால் ஜெயித்த மாதிரி.

இப்போது சண்டைக்குள் சண்டை. பார்க்கின் முறை, எதிரி வரவர ஒன்றிரண்டு ஸ்குவாட்ரன்களாக உடனே அனுப்பி, குண்டு போடுவதற்கு முன்பே கலைப்பது. அவருக்கு வடக்கே 12-வது குரூப்பில் இருந்த லீ-மேலரிக்கு இது பிடிக்கவில்லை. அவர் கீழே டக்ஸ்ஃபோர்டில் டக்ளஸ் பேடர் இருந்தார், இரண்டு காலும் செயற்கைக் கால், அசாத்தியத் துணிச்சல், வாயும் கொஞ்சம் பெரிசு. மூன்று, நான்கு, ஐந்து ஸ்குவாட்ரன்களை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டமாகப் போய் அடிக்கலாம் என்பது இவர்கள் திட்டம், பெயர் ‘பிக் விங்’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை விமானங்களும் மேலேறி ஒன்றுசேர நேரம் ஆகும், அதற்குள் எதிரி குண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பான். தன் விமானத் தளங்களைக் காக்க உதவி கேட்டால் 12-வது குரூப் நேரத்துக்கு வருவதில்லை என்று பார்க் புகார் மேல் புகார் எழுதினார். பிக் விங் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கையும் ஊதிப் பெருத்தது, ஒரே விமானத்தை மூன்று பேர் உரிமை கொண்டாடுவது கூட்டம் பெரிதானால் சகஜம். செப்டம்பர் 15 அன்று மொத்தம் 185 விமானங்களை வீழ்த்தியதாக அரசு அறிவித்தது, உண்மையில் 60 போலத்தான்.

இங்கே டவுடிங் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு குரூப் தளபதிகளும் வெளிப்படையாக அடித்துக்கொள்கிறார்கள், இவர் ஆகஸ்டிலேயே இருவரையும் உட்காரவைத்து, இதுதான் முறை, கேள் என்று லீ-மேலரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய மனுஷர்கள், தாங்களே பேசிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார். அதே நேரம் அந்தப் பக்கம் சும்மா இருக்கவில்லை. பேடரின் ஸ்குவாட்ரனில் நிர்வாக அதிகாரியாக இருந்த பீட்டர் மெக்டொனால்ட் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், விஷயத்தை அவர் நேராக மேலிடத்துக்குக் கொண்டுபோனார். அக்டோபர் 17-ல் விமான அமைச்சகத்தில் கூட்டம். நியூவாலுக்கு உடம்பு சரியில்லை, ஆகவே துணைத் தளபதி ஷோல்டோ டக்ளஸ் தலைமை. உள்ளே போன டவுடிங்கும் பார்க்கும் பார்த்தால் பேடர் உட்கார்ந்திருக்கிறார், ஒரு ஸ்குவாட்ரன் தலைவர், ஏர் மார்ஷல்கள் கூட்டத்தில். சண்டையை நடத்திய பார்க்கின் ஸ்குவாட்ரன் தலைவர் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. பஞ்சாயத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று தோன்றினால் தப்பில்லை.

ஆனால் பிக் விங் மட்டும் அவரைக் கவிழ்க்கவில்லை. உண்மையான சிக்கல் இரவு. செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மேல் குண்டு விழுந்தது, சண்டை விமானங்களால் இருட்டில் ஏறக்குறைய எதையும் வீழ்த்த முடியவில்லை. மக்கள் சுரங்க ரயில் நிலையத்தில் படுத்திருக்கிறார்கள், அமைச்சர்களுக்கு ஏதாவது செய்கிற மாதிரி காட்ட வேண்டும். சால்மண்ட் என்ற மூத்த விமானப்படை அதிகாரி தலைமையில் ஒரு குழு போட்டு, ஹரிக்கேன்களை இரவில் பறக்கவிடு என்றார்கள். கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சுடுவான், விமானத்துக்குள்ளேயே ரேடார் வைத்த பியூஃபைட்டர் வரட்டும், அதுதான் வழி என்றார் டவுடிங். அறிவியல்படி அவர் சொன்னது சரி. அரசியல்படி, வீடு எரியும்போது தீயணைப்பு வண்டி அடுத்த மாதம் வரும் என்று சொன்ன மாதிரி. 58 வயது, நாலு வருடமாக ஒரே நாற்காலி, தூக்கமில்லை, யாரோடும் ஒத்துப்போகாத பேர்வழி என்ற பெயர் வேறு. கிளப்பில் பேசிச் சமாளிக்க அவருக்கு ஆளும் இல்லை.

நவம்பர் 13-ல் சின்க்ளேர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மறுநாள் இரவுதான் ஜெர்மன் குண்டுவீச்சில் கவென்ட்ரி நகரம் எரிந்தது. தொலைபேசியில் கூப்பிட்டு 24 மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார்கள் என்று டவுடிங் வயதான காலத்தில் நினைவுகூர்ந்தார், ஆவணங்கள் முறையான சந்திப்பு நடந்ததாகக் காட்டுகின்றன. எப்படியோ, நவம்பர் 25-ல் அவர் நாற்காலியில் ஷோல்டோ டக்ளஸ் உட்கார்ந்தார். பார்க்கைப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு 11-வது குரூப்பை லீ-மேலரிக்குக் கொடுத்தார்கள். இதில் ஒரு வேதனை என்னவென்றால், நவம்பர் 19-20 இரவில், அதாவது அவர் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, ஜான் கன்னிங்ஹாம் ஓட்டிய பியூஃபைட்டர் தன் ரேடாரை வைத்தே ஜங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பிடித்து வீழ்த்திவிட்டது. அடுத்த வசந்தத்தில் அப்படிப் பல விழுந்தன, பெயர் டக்ளஸுக்கு. இன்னொன்று: 1941 ஜனவரியில் லீ-மேலரி பழைய தாக்குதல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிக் விங் முறையில் தான் எப்படிச் சமாளித்திருப்பேன் என்று காகிதத்தில் ஒரு ஒத்திகை நடத்தினார். அவருடைய விமானங்கள் தரையில் இருக்கும்போதே கென்லி, பிகின் ஹில் விமானத் தளங்கள் இரண்டும் குண்டில் போய்விட்டன.

அப்படியென்றால் நீக்கியது சரியா? ஆளை மாற்றியதில் எனக்குப் பெரிய புகார் இல்லை, அவர் களைத்துவிட்டார், அடுத்த கட்டத்துக்கு வேறு ஆள் தேவைப்பட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. மாற்றிய விதமும், யாரை அந்த இடத்தில் வைத்தார்கள் என்பதும், பார்க்கையும் சேர்த்துத் தண்டித்ததும்தான் அசிங்கம். சர்ச்சிலைப் பற்றியும் கேட்பீர்கள். அவர் ஜூலையில் சின்க்ளேருக்கு எழுதிய கடிதத்தில், உங்களிடம் இருப்பதிலேயே மிகச் சிறந்த ஆட்களில் ஒருவர் இவர், படையின் தலைமைப் பதவிக்கே கொண்டுவரலாம் என்றவர். நவம்பரில் தடுக்கவில்லை.

அப்புறம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், விமானக் கொள்முதலுக்கு. மனதில் பட்டதை அப்படியே பேசுகிறவரை ராஜதந்திர வேலைக்கு அனுப்பினால் என்ன ஆகும், சீக்கிரமே திரும்பிவிட்டார். பிறகு விமானப்படையில் ஆட்களைக் குறைப்பது பற்றி ஒரு ஆய்வு, 1942 ஜூலையில் ஓய்வு. இதற்கிடையில் 1941-ல் விமான அமைச்சகம் பிரிட்டன் வான்போர் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டது, லட்சக்கணக்கில் விற்றது, அதில் டவுடிங் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. சர்ச்சிலுக்கே கோபம் வந்து, கடற்படைத் தளபதி நெல்சன் பெயரைச் சொல்லாமல் அவர் ஜெயித்த டிரஃபால்கர் கடற்போரின் கதையை எழுதுவீர்களா என்று சின்க்ளேரைக் கடிந்து எழுதினார்.

1943-ல் பிரபுப் பட்டம் வந்தது, பென்ட்லி பிரையரியின் டவுடிங் பிரபு. அதற்குள் அவர் ஆவிகளோடு பேசுவதில் இறங்கிவிட்டார், இறந்த விமானிகள் தன்னிடம் பேசுவதாக எழுதினார், பழைய சகாக்கள் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் 1940-ல் தன் கையெழுத்தில் எத்தனை பையன்கள் போனார்கள் என்று கணக்கு வைத்திருந்த ஒரு மனிதர் அது என்பதால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1951-ல், 69 வயதில், போரில் குண்டுவீச்சு விமானத்தில் கணவரை இழந்த மியூரியலைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேரும் சைவம். பிரபுக்கள் சபையில் மிருகவதைக்கு எதிராகத் திரும்பத் திரும்பப் பேசினார். மியூரியல் 1959-ல் தொடங்கிய ‘பியூட்டி வித்தவுட் குரூயல்டி’ அமைப்பின் இந்தியக் கிளை புனேவிலிருந்து இன்றும் இயங்குகிறது, தோல் பொருள், பட்டு பற்றியெல்லாம் அவர்கள் எழுதுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

1970 பிப்ரவரி 15-ல் இறந்தார், வயது 87. சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விமானப்படைச் சிற்றாலயத்தில் இருக்கிறது. 1988-ல் லண்டன் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் தேவாலயத்தின் வாசலில் சிலை வைத்தார்கள்.

கடைசியாக அந்த மார்ஷல் விஷயம். ஏர் சீஃப் மார்ஷலாகவே ஓய்வு பெற்றார். விமானப்படையின் மார்ஷல் என்ற உச்சப் பட்டத்தை இவருக்குக் கொடுக்கலாமே என்று அரண்மனைப் பக்கத்திலிருந்தே பேச்சு வந்தது. தலைமைத் தளபதி பதவி வகித்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டம், வழக்கமில்லை என்று அமைச்சகம் மறுத்துவிட்டது. 1946 ஜனவரி 1-ல் தலைமைத் தளபதி பதவியை ஒரு நாளும் வகிக்காத இரண்டு பேருக்கு அதே பட்டத்தைக் கொடுத்தார்கள். ஒருவர் குண்டுவீச்சுப் படையின் ஹாரிஸ். இன்னொருவர் ஷோல்டோ டக்ளஸ்.